நாலு அவுன்ஸ் ஒயில்

சூப்பர்சார்ஜரைப் பற்றிய புத்தகங்களைத் திறந்தால் முதலில் அதன் சத்தம் வரும். பிறகு குதிரைவலு, பிறகு எந்தப் பந்தயத்தில் யார் வென்றார் என்ற கணக்கு. கராஜில் நிற்கிற என்னைப் போன்றவனுக்கு அந்த யந்திரத்தின் சரித்திரம் வேறு இடத்தில் தொடங்குகிறது. அதைச் சுற்றுவது எது? அதன் கியர்களுக்கு ஒயில் எங்கிருந்து வருகிறது? அந்த ஒயிலைப் பார்க்கவேண்டியது யாருடைய வேலை? முதல் இரண்டு கேள்விக்கும் நூறு வருடமாகப் பல பதில்கள் வந்துபோயின. மூன்றாவதற்கு இன்றைக்குப் பதிலே இல்லை என்பது என் கட்சி.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். எஞ்சின் தானாக இழுக்கிற காற்று போதாதென்று, மேலதிகமாகக் காற்றை அமுக்கித் திணிக்கிற பம்ப்தான் சூப்பர்சார்ஜர். ரேர்போவும் இதே வேலையைத்தான் செய்கிறது, ஆனால் அதைச் சுற்றுவது புகைக்குழாயால் வெளியே போகிற வாயு. சூப்பர்சார்ஜர் கிராங்க் தண்டிலிருந்து பெல்ட்டாலோ கியராலோ நேரே சுற்றும். நான் அதிகம் கழற்றிப் பூட்டியது ரூட்ஸ் வகை. ஒரு பெட்டிக்குள் இரண்டு சுழலிகள் எதிரெதிராகச் சுற்றிக் காற்றை அள்ளி மறுபக்கம் தள்ளும். சுழலிகள் ஒன்றையொன்று தொடுவதில்லை, இடையில் மயிரிழை இடைவெளிதான். தொடாதபடியால் காற்றுப் போகிற அறைக்குள் ஒரு சொட்டு ஒயிலும் வேண்டாம். அந்த மயிரிழையைக் காப்பாற்றுவது பெட்டியின் நுனியில் பல்லோடு பல் கோத்துச் சுற்றுகிற இரண்டு கியர்கள். ஒயில் வேண்டியது அவற்றுக்கும் பெயரிங்குகளுக்கும்தான். கப்பி மாட்டியிருக்கிற அந்த முன்பகுதியை நாங்கள் மூக்கு என்போம். மூக்குக்குள் கிடப்பது நாலு அவுன்ஸ் சொச்சம் ஒயில். ஒரு கோப்பைத் தேத்தண்ணியைவிடக் குறைவு.

ரூட்ஸ் என்பது ஒரு குடும்பத்தின் பெயர். அமெரிக்காவில் இந்தியானா மாநிலத்தின் கானர்ஸ்வில் என்ற ஊரில் கம்பளி ஆலை நடத்திய பிலாண்டர், பிரான்சிஸ் என்ற சகோதரர்கள் 1860ஐ ஒட்டிய காலத்தில் இதைச் செய்தார்கள். ஆலைக்கு நல்லதொரு நீர்ச்சில்லு வேண்டுமென்று மரத்தில் சுழலிகள் செய்தார்களாம். தண்ணீரில் மரம் ஊதி இறுகிவிட்டதாம். வெளியே எடுத்துச் சுற்றிப் பார்த்தபோது காற்று அடித்ததாம். கதை எவ்வளவுக்கு உண்மையோ, அவர்கள் விற்றது காற்றூதிகளை. இரும்பு உருக்கும் உலைகளுக்கும் சுரங்கங்களுக்கும் அவை போயின. 1870இல் நியூயோர்க்கின் பிராட்வே வீதிக்கு அடியில் சுரங்கம் வெட்டி, ஆல்பிரட் பீச் என்பவர் காற்றால் ரயில்பெட்டியைத் தள்ளிக் காட்டினார். அங்கே காற்று ஊதியது ரூட்ஸ் ஊதிதான்.

ஆலை யந்திரங்கள் நீராவி எஞ்சினிலிருந்து தோல் பெல்ட்டில் சுற்றிய காலம் அது. யந்திரத்துக்குப் பக்கத்தில் ஒயில் குவளையோடு ஓர் ஆள் நின்றான். பெல்ட் தளர்ந்தால் அவன் கண்ணில் படும், பெயரிங் சூடானால் அவன் கையில் படும். அதற்குத்தான் அவனுக்குச் சம்பளம்.

காருக்குள் ஏறியபோதுதான் வில்லங்கம் தொடங்கியது. முதலாம் உலகப் போரில் விமான எஞ்சின்களோடு மல்லுக்கட்டிய டெய்ம்லர் கம்பனி, 1921இல் பெர்லின் கண்காட்சியில் சூப்பர்சார்ஜர் பூட்டிய மெர்சிடிஸ் கார்களை வைத்தது. ஊதி எஞ்சினின் முன்பக்கத்தில் நிமிர்ந்து நின்றது. பெல்ட் கிடையாது, கிராங்க் தண்டின் நுனியிலிருந்து கியர், இடையில் ஒரு கிளச். அக்சிலரேட்டரை அடிவரை மிதித்தால் மட்டும் கிளச் பிடிக்கும், ஊதி அலறும். 1928இல் வந்த எஸ்எஸ்கேயிலும் இந்த ஏற்பாடுதான். கொஞ்ச நேரத்துக்கு மேல் மிதித்து வைத்திருக்கக்கூடாது. அதாவது யந்திரத்தின் ஆயுள் ஓட்டுகிறவரின் வலதுகாலில் இருந்தது. பெல்ட் இல்லையே, அறுந்துபோகாதே என்று சிலர் இந்த முறையைப் புகழ்வார்கள். பெல்ட் என்பது வழுக்கிக்கொடுக்கிற உறுப்பு. எங்கேயாவது இறுகினால் அது கத்தும், எரியும், அறும், மற்றது தப்பும். கியர் வழுக்காது. இறுகினால் பல்லுத்தான் போகும்.

பந்தயக் கதையைக் கெதியாகச் சொல்லிவிடலாம். 1923இல் பிரான்சின் தூர் நகரில் ஃபியட் கார்கள் சூப்பர்சார்ஜரோடு ஓடின. வீதிப் புழுதியையும் கல்லையும் ஊதி உறிஞ்சி எஞ்சின்கள் செத்தன. அதே வருடம் மொன்சாவில் வேறு ஊதி பூட்டிக்கொண்டு வந்து வென்றார்கள். கிராண்ட் பிரி ஒன்றில் சூப்பர்சார்ஜர் கார் வென்றது அதுதான் முதல் தடவை. அந்த நாட்களில் பந்தயக் காரில் ஓட்டுநருக்குப் பக்கத்தில் மெக்கானிக்கும் ஏறிப் போவார். ஒயில் பார்க்கிற ஆள் ஆலையை விட்டுக் காருக்குள் வந்து உட்கார்ந்த கொஞ்சக் காலம் அது. 1920களின் நடுப்பகுதியில் அவரையும் இறக்கிவிட்டார்கள்.

இங்கிலாந்தில் பென்ட்லி கதை எல்லோருக்கும் தெரிந்தது. டிம் பெர்கின் என்ற ஓட்டுநர் பிடிவாதம் பிடித்து, அம்ஹர்ஸ்ட் வில்லியர்ஸ் வடிவமைத்த ஊதியை நாலரை லீற்றர் காரின் மூஞ்சிக்கு முன்னால், கிராங்க் தண்டின் நுனியிலேயே பூட்டவைத்தார். கம்பனியை உண்டாக்கிய டபிள்யூ. ஓ. பென்ட்லிக்கு இது துளியும் பிடிக்கவில்லை. பந்தய விதிப்படி 50 கார்கள் விற்பனைக்கும் செய்தார்கள். 1930இல் போ நகரில் நடந்த பிரெஞ்சு கிராண்ட் பிரியில் பெர்கின் இரண்டாவதாக வந்தார், லு மான் பந்தயத்தில் அந்தக் கார் ஒருநாளும் வெல்லவில்லை. நான் டபிள்யூ. ஓ. பக்கம். ஒரு எஞ்சினின் மிக நுட்பமான யந்திரத்தைக் கொண்டுபோய் வீதியில் முதலில் அடிபடுகிற இடத்தில் தொங்கவிடுகிறவனை எங்கள் ஊர்ப் பாஸ் பார்த்திருந்தால் ஸ்பனரால் எறிந்திருப்பார்.

ஊரைச் சொன்னபடியால் ஒன்று. நான் தொழில் பழகியது யாழ்ப்பாணத்தில், ஏ40 சமர்செட், மொறிஸ் மைனர் கார்கள் கிழடு தட்டாமல் ஓடிய காலத்தில். 1990க்குப் பிறகு போரால் பெற்றோல் வராமல் போனபோது அவை மண்ணெண்ணெயில் ஓடின. காபரேற்றருக்குள் கொஞ்சம் பெற்றோல் விட்டு எஞ்சினை எழுப்பி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். எட்டுப்பேர் ஏறிய மொறிஸ் மைனர் புகை கக்கிக்கொண்டு போகும். அதே மொறிஸ் மைனருக்கு இங்கிலாந்தில் ஷொரொக் என்ற கம்பனி சூப்பர்சார்ஜர் விற்றது என்று பின்னர் கனடாவில் ஒரு பழைய புத்தகத்தில் படித்தபோது சிரிப்பு வந்தது. அதில் சுழலிக்குப் பதிலாக உள்ளே வெளியே வழுக்குகிற தகடுகள். உரசுகிற தகடுகளுக்கு ஒயில் கட்டாயம். எஞ்சினிலிருந்தே ஒரு மெல்லிய குழாயில் சொட்டுச் சொட்டாக எடுத்துக் கொடுத்தார்கள். சொட்டியது காற்றோடு போய் எரிந்துவிடும். எரிந்தது எவ்வளவு என்று எஞ்சின் ஒயில் கம்பியை இழுத்துப் பார்த்தால் தெரியும்.

இந்தப் பொருளை எனக்கு உண்மையாகப் பழக்கியது பஸ். ஜெனரல் மோட்டோர்ஸின் சார்ள்ஸ் கெட்டரிங் குழுவினர் உருவாக்கிய இரண்டு வீச்சு டீசல் எஞ்சின் 1938இல் 71 வரிசையாக விற்பனைக்கு வந்தது. ஒரு சிலிண்டருக்கு 71 கன அங்குலம். ஆறு சிலிண்டர் என்றால் 6-71. இந்த எஞ்சினுக்குத் தானாக மூச்சு விடத் தெரியாது. பழைய புகையை வெளியே தள்ளிப் புதுக்காற்றை நிரப்ப ஒரு ரூட்ஸ் ஊதி வேண்டும், அது இல்லாவிட்டால் எஞ்சின் ஓடவே ஓடாது. இரண்டாம் உலகப் போரில் ஷேர்மன் டாங்கிகளின் ஒரு வகையிலும் கரையிறங்கு படகுகளிலும் இருந்தது இதுதான். போருக்குப் பின் பஸ்களில் வந்தது. ஒன்ராறியோவின் லண்டன் நகரில் செய்த ஜி.எம். பஸ்களை ரொறொன்ரோ போக்குவரத்துச் சபை பல பத்தாண்டுகள் ஓட்டியது. முன்கண்ணாடி மீன் தொட்டியைப் போல வளைந்திருக்கும் என்று ஊர்க்காரர் அவற்றுக்குப் பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். அந்த ரகத்தின் கடைசி பஸ் 2011இல்தான் ஓய்வு பெற்றது. எண்பதுகளில் இங்கே வந்திறங்கிய எங்கள் சனம், குளிரில் விறைத்துக்கொண்டு கடைசி ஆசனத்தில் சூடு தேடி உட்கார்ந்தபோது முதுகுக்குப் பின்னால் ஊளையிட்டது ரூட்ஸ் சகோதரர்களின் யந்திரம்.

அந்த ஊதியைச் சுற்றியது கியர், ஒயில் கொடுத்தது எஞ்சின். பெல்ட்டும் இல்லை, தனி ஒயிலும் இல்லை. டிப்போவில் எஞ்சின் ஒயில் மாற்றினால் ஊதிக்கும் மாற்றியாயிற்று. ஊதிக்கென்று ஒருவர் நினைவு வைத்திருக்கத் தேவையே வராத ஒரே ஏற்பாடு அது. நான் பார்த்த மூளைசாலி வேலைகளில் இதையும் ஒன்றாக வைப்பேன்.

அதைக் குலைத்தவர்கள் கலிபோர்னியப் பெடியன்கள். போர் முடிந்ததும் மிச்சச் சாமான் கடைகளில் இதே டீசல்களின் ஜி.எம்.சி. ஊதிகள் குவிந்து கிடந்தன. பழைய ஃபோர்ட் வி8 எஞ்சினுக்கு மேலே அதைக் கவிழ்த்துப் பூட்டி உலர்ந்த ஏரிப்படுகைகளில் ஓட்டிப் பார்த்தார்கள். பார்னி நவாரோ என்பவரை இந்த வேலையின் முன்னோடி என்பார்கள். டீசலில் இருந்து பிரித்தெடுத்தவுடன் இரண்டு பிரச்சினை. எஞ்சின் ஒயில் வந்த வழி அடைபட்டது, ஆகவே முன்மூடிக்கும் பின்மூடிக்கும் தனியாக ஒயில் ஊற்றவேண்டும். கியர் போய்விட்டது, ஆகவே வேறு எதனாலாவது சுற்றவேண்டும். சிலர் சங்கிலி போட்டார்கள். சிலர் V வடிவப் பெல்ட்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கினார்கள். பல பெல்ட்டுகள் ஒரே சுமையை இழுக்கும்போது எல்லாம் ஒரே அளவு இழுபடாது. ஒன்று தளரும், மற்றது எல்லாப் பாரத்தையும் வாங்கிச் சூடாகும், அது அறுந்ததும் மிச்சமும் தொடர்ந்து போகும். சக் பொட்வின் என்பவர் பெல்ட்டே வேண்டாமென்று ஊதியை எஞ்சினுக்கு முன்னால் கிராங்க் தண்டோடு நேரே பூட்டினார். மெர்சிடிஸும் பென்ட்லியும் செய்த அதே இடத்துக்குப் போய் நின்றார் என்று சொல்லலாம்.

விடை தையல் மெஷினில் இருந்து வந்தது. பிலடெல்பியாவில் கில்மர் என்ற பெல்ட் கம்பனி 1940களில் உட்பக்கம் பல் வைத்த ரப்பர் பெல்ட்டை உண்டாக்கியது. சிங்கர் தையல் மெஷினில் மேலே ஊசியும் கீழே நூற்கண்டும் ஒரு கணமும் தப்பாமல் சேர்ந்து இயங்கவேண்டும், வழுக்குகிற பெல்ட்டால் அது முடியாது என்பதற்காகச் செய்தது. எங்கள் வீட்டுச் சிங்கர் மெஷின் காலால் மிதிப்பது, அதில் உருண்டைத் தோல்வார்தான். அம்மா அதற்கு ஒயில் விடும் கிழமையை மறந்ததே இல்லை. பல் வைத்த பெல்ட்டைப் பந்தயக்காரர் பிடித்துக்கொண்டார்கள். அகலமான பெல்ட், பெரிய பல், வழுக்கல் இல்லை. இன்றைக்கும் நேர்கோட்டுப் பந்தயக் கார்களின் மேலே ஊதியைச் சுற்றுவது அந்தப் பரம்பரைப் பெல்ட்தான். அமெரிக்கத் தொழிற்பட்டறைகளில் எந்தக் கம்பனி செய்திருந்தாலும் அதைக் கில்மர் பெல்ட் என்றே கேட்பார்கள். 1962இல் ஜெர்மனியின் கிளாஸ் 1004 கார் இதே பெல்ட்டை எஞ்சினின் உள்வேலைக்குக் கொண்டுபோனது. இப்போது ரைமிங் பெல்ட் என்று நாங்கள் மாற்றித்தள்ளுகிறோமே, அதன் கதை அங்கிருந்து.

பந்தயக்காரருக்குப் பெல்ட்டையும் ஒயிலையும் ஒவ்வோர் ஓட்டத்துக்கும் பார்க்க ஆட்படை இருக்கும். சாதாரண வீட்டுக்காரர் என்ன செய்வார்? ஐம்பதுகளில் அமெரிக்காவில் இதற்கு இரண்டு விதமாக விடை சொன்னார்கள். எனக்கு இரண்டும் பிடிக்கும்.

பென்சில்வேனியாவின் கொன்ஷொஹொக்கன் என்ற ஊரில் இருந்த ஜட்சன் கம்பனி, ஃபோக்ஸ்வாகன் வண்டுக்கும் எம்.ஜி.க்கும் ஊதி செய்து விற்றது. வழுக்கும் தகடு வகை, V பெல்ட்டில் சுற்றுவது. அந்தத் தகடுகளுக்கு ஒயில் எஞ்சினிலிருந்து வராது. எஞ்சின் அறைக்குள் ஒரு சிறு போத்தலைப் பூட்டி, அதில் மார்வல் மிஸ்டரி ஒயில் என்ற சிவப்பு ஒயிலை ஊற்றிவைக்கவேண்டும். காற்று இழுபடும்போது அதுவும் கொஞ்சம் கொஞ்சமாக இழுபடும். போத்தல் வெறுமையானால் தகடுகள் காயும். போத்தலைப் பார்ப்பது கார்க்காரரின் வேலை. பெற்றோல் அடிக்கும்போது மூடியைத் திறந்து பார்த்தால் போதும். அவருக்குப் புத்தி இருக்கிறது என்று நம்பிச் செய்த யந்திரம்.

ரொபர்ட் பக்ஸ்டன் மக்கலொக் வேறு ஆள். மரம் அறுக்கும் சங்கிலி வாளால் பணக்காரரானவர். 1968இல் லண்டன் பாலத்தை விலைக்கு வாங்கி, கல்லுக் கல்லாகப் பிரித்து, அரிசோனாப் பாலைவனத்தில் கொண்டுபோய்க் கட்டியவரும் அவர்தான். அவருடைய சூப்பர்சார்ஜர் ரூட்ஸ் வகையல்ல, மின்விசிறி போலச் சுற்றுகிற ஒற்றைச் சில்லு. நிமிடத்துக்கு ஏறக்குறைய 30,000 சுற்று. அந்த வேகத்தைக் கியரால் எட்டினால் சத்தம் தாங்காது. உருக்குக் குண்டுகளை இரண்டு வளையங்களுக்கிடையில் இறுக்கி உருட்டி வேகத்தைக் கூட்டினார். குண்டுகளுக்கு இடையில் இருப்பது ஒரு மெல்லிய ஒயில் படலம் மட்டும், தானியங்கி கியர்பெட்டிக்கு ஊற்றுகிற அதே இன ஒயில். படலம் கெட்டால் குண்டு உருளாமல் வழுக்கும், வழுக்கினால் வேகும். பெல்ட்டிலும் ஒரு விளையாட்டு வைத்திருந்தார். கப்பியின் இரண்டு பாதியும் விலகியும் நெருங்கியும் விட்டம் மாறும். மெதுவாக ஓடும்போது ஊதி மெதுவாகச் சுற்றும், மிதித்தால் வேகமாகும். 1954இல் கைசர் காரிலும் 1957இல் ஸ்டூடிபேக்கர் கோல்டன் ஹோக்கிலும் இது வந்தது. பின்னர் பக்ஸ்டன் என்ற பெயரோடு ஸ்டூடிபேக்கர் அவாந்தியிலும் ஏறியது. அந்தக் கம்பனியின் கடைசிக் கார் வெளியே வந்தது எங்களுக்குப் பக்கத்து ஹமில்டனில், 1966 மார்ச்சில். கோடை காலத்தில் இங்கே பழைய கார்க்காரர் கூடுகிற இடங்களில் ஒரு கோல்டன் ஹோக் நின்றால், பொனட்டுக்குக் கீழே குனிந்துகொண்டு நாலு கிழவர்கள் அந்த ஒயிலைப் பற்றித்தான் சண்டை பிடித்துக்கொண்டிருப்பார்கள்.

பிறகு ஒரு நீண்ட இடைவெளி. பெரிய எஞ்சின் மலிவாகக் கிடைத்தபோது ஊதி எதற்கு? எரிபொருள் விலை ஏறி எஞ்சின்கள் சுருங்கிய பிறகுதான் மறுபடி தேவை வந்தது. ஈட்டன் கம்பனி ரூட்ஸ் ஊதியைத் திருத்தி, சுழலிகளை முறுக்கி, 1989இல் ஃபோர்ட் தண்டர்பேர்ட் சூப்பர் கூப் காரில் கொடுத்தது. எம்90 என்று பெயர். ஒரு சுற்றுக்கு 90 கன அங்குலம் காற்று. ஜெனரல் மோட்டோர்ஸ் தன் 3800 வி6 எஞ்சினிலும் ஈட்டன் ஊதியைப் பூட்டியது. எஞ்சின் மிச்சிகனின் ஃபிளின்ட் நகரில் செய்தது. கார் பல இடங்களில் கட்டியது. அதில் ஒன்று ரொறொன்ரோவின் ஸ்காபரோவிலிருந்து 401 நெடுஞ்சாலையில் கிழக்கே போனால் வருகிற ஒஷாவா. 1997 முதல் 2004 வரை பியூக் ரீகல் அங்கேதான் கட்டப்பட்டது. ஜிஎஸ் மொடலில் சூப்பர்சார்ஜர், 240 குதிரைவலு. தாத்தாமார் ஓட்டுகிற கார் என்று பெயரெடுத்த பியூக்கில் அப்படியொரு பேய் ஒளிந்திருப்பது எங்கள் பெடியளுக்குத் தெரிய வந்ததும், பாவித்த கார்ச் சந்தையில் தேடித்தேடி வாங்கினார்கள். என் கராஜுக்குள் சூப்பர்சார்ஜர் நுழைந்தது அப்படித்தான்.

ஈட்டன் மூக்கில் ஒயில் கம்பி இல்லை, போத்தல் இல்லை, எஞ்சினோடு தொடர்பு இல்லை. கப்பிக்குப் பக்கத்தில் அலன் சாவியால் திறக்கிற ஒரு சின்ன ஆணி மட்டும். ஜி.எம். புத்தகத்தில் 30,000 மைலுக்கு, அதாவது 50,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை அளவு பார் என்று ஒரு வரி இருந்தது. அந்த வரிக்காக அந்தக் கம்பனியை மதிக்கிறேன். ஆனால் அளவு பார் என்றுதான் இருந்தது, மாற்று என்றில்லை. அதையும் எத்தனை பேர் வாசித்தார்கள்? எஞ்சின் ஒயில் மாற்ற வருகிறவருக்கும், விரைவாக மாற்றிக்கொடுக்கிற கடைக்காரப் பெடியனுக்கும் அந்த ஆணி கண்ணில் படுவதே இல்லை.

செய்கிற முறை பெரிய வித்தையல்ல. எஞ்சின் வடிவாக ஆறியிருக்கவேண்டும். சூட்டில் திறந்தால் ஒயில் வெளியே பாயும். கார் சமதரையில் நிற்கவேண்டும். ஆணியைச் சுற்றியுள்ள அழுக்கை முதலில் துடைக்கவேண்டும், இதை அவசரக்காரர் செய்யமாட்டார்கள். ஒரு மணல் உள்ளே விழுந்தால் கியருக்கு அது போதும். அளவு, மரையின் அடிவிளிம்பு வரை. மாற்றுவதென்றால் ஊசிக்குழாயில் மெல்லிய ரியூப் மாட்டி உறிஞ்சி எடுப்பேன். புது ஒயில் தெளிவாக இருக்கும். வருடக்கணக்காகப் பார்க்காதது கறுத்து வரும், குறைந்தும் வரும். அந்த மணத்தைச் சொல்லி விளங்கவைக்க முடியாது. கையில் பட்டால் சவர்க்காரம் போட்டுத் தேய்த்தாலும் இரவு சோறு பிசையும்போது மணக்கும். மனைவி அன்றைக்கு எனக்குக் கரண்டி தருவாள். ஊற்றுவது நாலு அவுன்ஸ் போத்தலில் வருகிற தனி ஒயில். எஞ்சின் ஒயில் கூடாது, கியர்பெட்டி ஒயிலும் கூடாது.

பின்னர் வந்த வேறு சில கார்களில் அந்த ஒரு வரியும் போய்விட்டது. உள்ளே இருப்பது யந்திரத்தின் ஆயுள் முழுவதற்கும் காணும் என்றார்கள். சிலவற்றில் ஊதியின் இரண்டு நுனியிலும் தனித்தனி ஒயில் அறை. பின் அறையைத் தொட ஊதியையே கழற்றி மேசையில் வைக்கவேண்டும். கம்பனிக்காரர் பக்கத்தையும் சொல்லவேண்டும். கண்ட கண்டவர்கள் திறந்து, கண்ட கண்ட ஒயிலை ஊற்றி, அழுக்கை விழுத்துவதைவிட மூடிவைப்பது மேல் என்று அவர்கள் நினைத்ததில் நியாயம் இருக்கிறது. பத்து வருடம் வரை அது சரியாகவும் இருக்கும். பதினைந்தாவது வருடம் மூன்றாவது கைக்கு மாறிய காரைப் பற்றி அவர்களுக்கு என்ன கவலை? அந்தக் கார்தான் என் வாசலில் நிற்கிறது.

பெல்ட்டுக்கும் இதே கதி நடந்தது. 1979இல் ஃபோர்ட் மஸ்டாங்கில், எல்லாவற்றையும் சுற்றி வளைந்து ஓடுகிற ஒற்றைத் தட்டைப் பெல்ட் வந்தது. அடியில் நீளவாக்கில் வரிவரியாக மேடு பள்ளம், இழுவையைத் தானே காக்கிற வில் கப்பி. ஈட்டன் ஊதிகளும் இந்த வகைப் பெல்ட்டில்தான் சுற்றின. 3800 எஞ்சினில் ஊதிக்கென்று ஒரு பெல்ட் தனியாக உண்டு. பழைய நியோபிரீன் பெல்ட் கிழடானால் குறுக்கே வெடிக்கும். மூன்று அங்குலத்துக்குள் எத்தனை வெடிப்பு என்று எண்ணி, மாற்று என்று வாடிக்கையாளருக்குக் காட்டலாம், அவரும் கண்டு நம்புவார். தொண்ணூறுகளின் பிற்பகுதியிலிருந்து வந்த ஈபிடிஎம் ரப்பர் வெடிக்காது. ரயரைப் போலத் தேயும். பள்ளம் ஆழமாகி, மேடு மெலிந்து, பிடி குறையும். மேலே பார்த்தால் கடையில் வாங்கிய மாதிரிக் கறுப்பாகக் கிடக்கும். பெல்ட் கம்பனிகள் இதற்கென்று பிளாஸ்டிக் அளவி ஒன்றைக் கொடுக்கின்றன, பள்ளத்தில் வைத்து அழுத்திப் பார்க்கவேண்டும். அது என் சட்டைப்பையில் பேனாவோடு கிடக்கும்.

ஒயிலும் பெல்ட்டும் சந்திக்கிற இடம் மூக்கின் முன்பக்க சீல். ஒரு நாள் ஒரு தம்பி வந்தார். காரின் பெயர் வேண்டாம்.

"முந்தி மாதிரி இழுவை இல்லை அண்ணை. கொம்பியூட்டரில பிழை ஒண்டும் காட்டேல்லை."

"ஒயில் கடைசியா எப்ப பாத்தனீர்?"

"போன கிழமைதான் மாத்தினது. நல்ல சின்தெட்டிக்."

"அது எஞ்சின் ஒயில். நான் மூக்கு ஒயிலைக் கேக்கிறன்."

"அதுக்குத் தனியா ஒயில் இருக்கோ?"

பெல்ட்டின் உட்பக்கம் பளபளத்தது. கப்பியைச் சுற்றி, எதிரே இருந்த மூடியில், ஒரே கோட்டில் ஒயில் தெறித்திருந்தது. சீல் கசிந்திருக்கிறது, கசிந்ததைக் கப்பி சுற்றி வீசியிருக்கிறது, அது பெல்ட்டில் பட்டு வழுக்கியிருக்கிறது. சாதாரணமாக ஓட்டும்போது தெரியாது, ஊதி காற்றை அமுக்குகிற நேரத்தில் மட்டும் வழுக்கும். இவர் பெல்ட் தளர்ந்துவிட்டதென்று எண்ணி இழுவையைக் கூட்டப் பார்த்திருக்கிறார். கூட்டினால் மூக்குப் பெயரிங்குக்குப் பாரம் கூடும், ஒயில் குறைந்த மூக்கு அதைத் தாங்காது. புதுப் பெல்ட் போட்டிருந்தாலும் ஒரு கிழமையில் அதுவும் நனைந்திருக்கும். பெல்ட்டைக் கழற்றிவிட்டுக் கப்பியைக் கையால் சுற்றினேன். பெயரிங்கில் கரகரப்பு இல்லை. சீலும் ஒயிலும் பெல்ட்டும் மாற்றியதோடு தப்பிவிட்டார்.

ஒன்ராறியோவில் சூப்பர்சார்ஜர் கதையின் கடைசிப் பெரிய அத்தியாயம் பிராம்டனில் நடந்தது. டொட்ஜ் கம்பனி 2015 மொடலாகக் கொண்டுவந்த ஹெல்கற் அங்கே கட்டப்பட்டது, 707 குதிரைவலு. ஊதி ரூட்ஸ் வகையல்ல. ஜப்பானின் ஐஎச்ஐ செய்த இரட்டைத் திருகு வகை, 2.4 லீற்றர், உச்சத்தில் நிமிடத்துக்கு 14,600 சுற்று. முழு வேகத்தில் அந்த ஊதியைச் சுற்றுவதற்கு மட்டும் 80 குதிரைவலு போகிறது என்று கம்பனியே சொன்னது. முற்கால மொறிஸ் மைனர் இரண்டைச் சேர்த்தாலும் அவ்வளவு வராது. அவ்வளவும் போவது ஒரு பெல்ட்டால். ஒயில், ஆயுளுக்கும் மூடி வைத்தது. 2023 டிசம்பரில் பிராம்டனில் அந்தக் கார்களின் உற்பத்தி நின்றது. ஒஷாவாவில் சூப்பர்சார்ஜர் பூட்டிய ரீகல் நின்று இருபது வருடத்துக்கு மேலாகிறது.

இப்போது இரண்டு ஊர்க் கார்களும் என்னிடம் வருகின்றன. ரீகல்காரருக்கு ஆணியைக் காட்டிக்கொடுத்தால் போதும். அடுத்த முறை அவரே போத்தலோடு வருவார். ஹெல்கற் வைத்திருக்கிற பெடியள், இதுக்கு நான் என்ன பாக்கிறது அண்ணை என்று கேட்பார்கள். குளிரில் எஞ்சினை எழுப்பியதும் மூக்குப் பக்கம் காதைக் கொடுக்கச் சொல்வேன், பெல்ட் கழற்றுகிற ஒவ்வொரு முறையும் கப்பியைக் கையால் சுற்றிப் பார்க்கச் சொல்வேன், கப்பிக்குப் பின்னால் ஈரம் கண்டால் அன்றைக்கே கொண்டுவரச் சொல்வேன். இது எந்தப் புத்தகத்தில் போட்டிருக்கு என்று ஒருவர் கேட்டார். ஒரு புத்தகத்திலும் இல்லை, அதனால்தான் பில்லின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுக்கிறேன்.